இலை விஷம், தண்டு பலகாரம்!

நம் ஊர்க் கொல்லைகளில் ஒரு கறிவேப்பிலைக் கன்றும் ஒரு வாழையும் இல்லாமல் இராது அல்லவா? இங்கிலாந்தில், அதிலும் வடக்கே யார்க்ஷயர் பக்கத்தில், அந்த இடத்தைப் பிடித்துக் கொண்டிருப்பது ருபார்ப் என்கிற செடி. ஆசைப்பட்டு விலை கொடுத்து வாங்கி வைத்தவர்களும் உண்டு. ஆனால் அநேக வீடுகளில் முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப் போன சொத்தாகத்தான் அது வேலியோரத்தில் நிற்கும். பனிக்காலத்தில் அந்த இடத்தைப் பார்த்தால் செடி செத்தே போய்விட்டது என்று தோன்றும். தை, மாசி கழிந்ததும் மண்ணைப் பிளந்து கொண்டு சிவப்புக் குமிழ்கள் எட்டிப் பார்க்கும். சித்திரை பிறப்பதற்குள் சேம்பு இலை மாதிரி அகன்ற இலைகளும், கட்டைவிரல் பருமனுக்குச் சிவப்பும் பச்சையுமான தண்டுகளுமாகப் புதர் மண்டிவிடும்.

அந்தத் தண்டுதான் பலகாரத்துக்கு உதவுவது. புளிப்பென்றால் சாதாரணப் புளிப்பல்ல. மாவடு தோற்றுப் போகும். ஒரு கடி கடித்தால் பல் கூசும், கண் தானாக மூடிக் கொள்ளும். நம் வீட்டுப் பிள்ளைகள் மாங்காய்க் கீற்றை உப்பிலும் மிளகாய்ப் பொடியிலும் தொட்டுத் தின்கிறார்களே, அதே மாதிரி அங்கத்திய பிள்ளைகள் ஒரு தலைமுறைக்கு முன்பு வரையில் காகிதப் பொட்டணத்தில் சர்க்கரையை வைத்துக் கொண்டு, பச்சைத் தண்டை அதில் தோய்த்துத் தோய்த்துக் கடித்துக் கொண்டு தெருவில் திரிவார்களாம்.

தண்டின் சமாசாரம் இது. இலையின் சமாசாரம் வேறு. அது விஷம்.

ஒரே செடி, ஒரே காம்பு. கீழே இருப்பது குழந்தைக்குப் பிரியமான பண்டம். மேலே இருப்பது குழந்தையின் வாய்க்குள் போகவே கூடாத வஸ்து. அப்படியிருந்தும், இங்கிலாந்தில் பிள்ளைகளுக்கு முதன் முதலாகச் சமையல் பழக்கும்போது பல பாட்டிமார்கள் தேடிப் போவது இந்தச் செடியைத்தான்! குழந்தைகளையும், விஷ இலையையும், கொதிக்கும் ஓவனையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்க எந்தத் தாயாருக்குத்தான் மனம் துணியும்? எனக்கும் முதலில் இந்தச் சந்தேகம்தான் எழுந்தது. ஒரு வீட்டில் அதை நேரிலேயே பார்த்த பிறகு, துணிந்து சேர்த்து வைப்பதுதான் நல்லது என்ற அபிப்பிராயத்துக்கு வந்திருக்கிறேன். அந்த வீட்டுக்குப் போகுமுன் செடியின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் சொல்லி விடுகிறேன்.

மருந்துக் கடையிலிருந்து பலகாரக் கடைக்கு

இந்தச் செடி நமக்கு முற்றிலும் அந்நியமில்லை. நாம் கடைந்து சாப்பிடும் சுக்கான்கீரை இருக்கிறதே, அது இதன் உறவு. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். சுக்கான்கீரையின் புளிப்பை நினைத்துக் கொண்டு, அதைப் பத்தாகப் பெருக்கிக் கொள்ளுங்கள். நாட்டு மருந்துக் கடைகளில் இரேவல்சின்னிக் கிழங்கு என்று ஒரு சரக்குக் கேட்டால் கொடுப்பார்கள். அதுவும் ருபார்ப் இனத்துச் செடியின் வேர்தான். மலச்சிக்கலுக்குக் கைகண்ட மருந்து.

ஆதியில் உலகம் இந்தச் செடியை அறிந்ததே அந்த வேருக்காகத்தான். சீனத்திலிருந்து ஒட்டகங்களின் மேல் ஏறி, மத்திய ஆசியாவைக் கடந்து, ஐரோப்பிய வைத்தியர்களின் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்த வேர் அது. வழியெல்லாம் கைமாறி வந்ததால் விலையும் ஏகமாக ஏறியிருக்கும். 1839ஆம் வருஷம், அபினி வியாபாரத்தை நிறுத்தச் சொல்லி லின் ஸெஷு என்ற சீன அதிகாரி விக்டோரியா மகாராணிக்கு எழுதிய கடிதத்தில், எங்கள் தேயிலையும் ருபார்ப்பும் இல்லாவிட்டால் உங்கள் நாட்டார் உயிர் வாழ்வது எப்படி என்ற தோரணையில் கேட்டிருக்கிறார். ருபார்ப்பை நிறுத்திவிட்டால் வெள்ளைக்காரர்களுக்கு வயிறு கட்டிக் கொள்ளும், வழிக்கு வருவார்கள் என்பது கணக்கு! கணக்குப் பலிக்கவில்லை. யுத்தம்தான் வந்தது.

வேரை விட்டுத் தண்டைத் தின்னலாம் என்று இங்கிலாந்து கண்டு கொண்டது ரொம்பத் தாமதமாக. லண்டனுக்கு அருகே டெப்ட்போர்டில் ஜோஸப் மயாட் என்ற தோட்டக்காரர் இருந்தார். 1810ஐ ஒட்டி அவர் தம் பிள்ளைகளிடம் ஐந்து கட்டு ருபார்ப் தண்டு கொடுத்துச் சந்தைக்கு அனுப்பினார் என்றும், மூன்றுதான் விலை போயிற்று என்றும் சொல்வார்கள். மனுஷர் சளைக்கவில்லை. அடுத்த தடவை இன்னும் அதிகமாக அனுப்பினார். மகாராணி பட்டத்துக்கு வந்த 1837ஐ ஒட்டி அவர் வெளியிட்ட வகைக்கு 'விக்டோரியா' என்றே பெயர். இன்றைக்கும் கொல்லைகளில் வளர்வதில் பெரும்பாலும் அதுதான் என்று சொல்லலாம். ஆனால் மயாட்டின் சாமர்த்தியம் மட்டும் போதாது. சர்க்கரை மலிந்திருக்க வேண்டும். சர்க்கரை விலை சரியச் சரிய ருபார்ப்பின் செல்வாக்கு ஏறிற்று. 1874இல் சர்க்கரை மீதிருந்த தீர்வையையே அரசாங்கம் எடுத்துவிட்டது. அப்புறம் கேட்பானேன்! கூலிக்காரர் வீட்டு மேஜை வரைக்கும் ருபார்ப் பலகாரம் வந்துவிட்டது.

இது காயா, பழமா என்று ஒரு வழக்கே நடந்திருக்கிறது. அமெரிக்காவில், பஃபலோ நகரத்தில், 1947ஆம் வருஷம், சுங்க வரி சம்பந்தமாகக் கோர்ட்டு வரை போயிற்று. ஜனங்கள் இதைப் பழம் போலத்தான் இனிப்புப் பண்டம் செய்து சாப்பிடுகிறார்கள், ஆகையால் பழம் என்றே வைத்துக் கொள்ளலாம் என்று தீர்ப்பாயிற்று. வெறும் காம்புக்கு இத்தனை மரியாதை!

இனி இலைக்கு வருவோம். முதல் உலக யுத்தத்தின்போது பிரிட்டனில் காய்கறிக்குத் தட்டுப்பாடு வந்தது. அப்போது, ருபார்ப் இலையை வீணாக்காமல் கீரையாகச் சமைக்கலாம் என்று ஜனங்களுக்கு யோசனை சொன்னார்கள். நம்பிச் சமைத்தார்கள். பலர் நோய்வாய்ப்பட்டார்கள், உயிரிழந்தவர்களும் உண்டு. இலையில் ஆக்ஸாலிக் அமிலம் என்ற பொருள் ஏராளம். தண்டிலும் அது உண்டு, ஆனால் மிகக் குறைவு. தொண்டை எரியும், வாந்தி வரும், அளவு மிஞ்சினால் சிறுநீரகம் பழுதாகும். குழந்தையின் சிறிய உடம்புக்கு அளவும் சிறியதாகவே போதும். வேக வைத்தால் விஷம் போய்விடும் என்று எண்ணினால் அது தவறு. சோடா உப்புப் போட்டு வேக வைத்தால் இன்னும் மோசம். தண்டைச் சாப்பிடுவதில் சாதாரணமாகப் பயமில்லை என்றாலும், சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அதையும் ஒதுக்குவதே நல்லது.

ஏழு தண்டு, ஏழு இலை

நான் பார்த்த வீடு வேக்ஃபீல்டு நகரத்துக்குப் பக்கத்தில். எண்பதை நெருங்கும் ஒரு பாட்டி, ஒன்பது வயதுப் பேத்தி, ஐந்து வயதுப் பேரன். மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. 'க்ரம்பிள்' செய்யப் போவதாகச் சொல்லி என்னையும் அழைத்திருந்தார்கள்.

பாட்டி கத்தியை எடுத்துக் கொண்டு கொல்லைக்குப் போவார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்யக் கூடாதாம். ருபார்ப்பை வெட்டினால் அடியில் மிஞ்சும் கட்டை அழுகிச் செடியையே கெடுத்துவிடும். தண்டை அடியில் பிடித்து, லேசாகத் திருகி, வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும். 'பளக்' என்ற சத்தத்துடன் கையோடு வந்துவிடுகிறது. அந்தச் சத்தத்துக்காகவே பிள்ளைகளுக்குள் போட்டி.

"எத்தனை எடுக்கலாம், பாட்டி?" என்றாள் பெண்.

"எத்தனை இருக்கிறது, எண்ணு."

எண்ணினாள். பதினைந்து.

"பாதிக்கு மேல் எடுத்தால் செடி பட்டினி கிடக்கும்" என்றார் பாட்டி. ஏழு எடுத்தார்கள்.

சிவப்புத் தண்டுதான் பழுத்தது, பச்சை காய் என்று பையன் வாதாடினான். அது தப்பு. நிறம் செடியின் ஜாதியைப் பொறுத்தது. பழுப்பதும் காய்ப்பதும் இதில் கிடையாது. பச்சைத் தண்டும் அதே ருசிதான். கடும் பனியில் அடிபட்டுத் துவண்டு போன தண்டை மட்டும் தொடுவதில்லை.

அங்கேயே, கொல்லைப் பலகையின் மேலேயே, பெண் இலைகளை நறுக்கித் தள்ளினாள். இலை வீட்டு வாசற்படியைத் தாண்டக் கூடாது என்பது பாட்டியின் சட்டம். காம்பின் உச்சியில் இலை ஆரம்பிக்கும் இடத்திலிருந்து ஒரு விரற்கடை தண்டும் சேர்த்தே போய்விடும். நறுக்குவது அக்கா, இலையை எடுத்துப் போய் உரக்குழியில் போடுவது தம்பி. அவன் ஒவ்வொன்றையும் போட்டுவிட்டு எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். ஏழு தண்டு என்றால் ஏழு இலை. அந்த இலை மக்கி உரமாவதில் ஒரு கெடுதலும் இல்லை. அமிலம் மண்ணில் சிதைந்து போய்விடுகிறது.

"ஆறு!" என்று முடித்தான் பையன்.

பாட்டி எழுந்து விட்டார். கோபமில்லை, குரலும் உயரவில்லை. ஆனால் அந்த நிமிஷமே வேலை நின்றது. மாவுப் பாத்திரத்துக்கு மூடி போட்டாயிற்று. "ஏழாவது எங்கே?" என்று மூன்று பேரும் தேடினார்கள். நானும் தேடினேன். பெஞ்சின் அடியில், வாளியின் பின்னால், கோழிக் கூண்டுப் பக்கம்! கடைசியில் அகப்பட்டது. கொல்லைச் சுவரோரம் ஒரு பொம்மைக் கரடி உட்கார்ந்திருந்தது. அதற்கு வெயில் படாமல் குடை பிடித்திருந்தது அந்த ஏழாவது இலை!

பையனின் உதடு பிதுங்க ஆரம்பித்தது. பாட்டி அவனை அதட்டவில்லை, குனிந்து, "கரடி கடித்துப் பார்த்ததா?" என்று மட்டும் கேட்டார். "இல்லை" என்று தலையாட்டினான். "அப்படியானால் நல்ல கரடி. குடையைக் குழியில் போட்டுவிட்டு வா. இருவரும் கை கழுவலாம்." அவ்வளவுதான். அவன் ஓடிப் போய்ப் போட்டுவிட்டு, தெருக்கோடி வரை கேட்கும்படி "ஏழு!" என்று கத்தினான்.

நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? "அடுப்பங்கரைப் பக்கம் வராதே, போய்ப் படி" என்று விரட்டி விடுகிறோம். அல்லது ஓர் உருண்டை மாவைக் கையில் கொடுத்து மூலையில் விளையாட விடுகிறோம். இந்த ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கொடுத்திருந்தது விளையாட்டு வேலையல்ல. அவன் எண்ணிக்கை தப்பினால் சமையலே நிற்கும். அது அவனுக்கும் தெரிந்திருந்தது. "விஷம், தொடாதே" என்று நூறு தடவை சொல்லி வைத்தாலும், அந்தக் கணக்குத் தருகிற ஜாக்கிரதையை அது தராது என்றே எனக்குத் தோன்றிற்று. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: எதையும் வாயில் போடுகிற வயதுக் குழந்தைக்கு இது பொருந்தாது. தவழும் குழந்தை உள்ள வீட்டில் செடியைச் சுற்றி வேலி போடுவதுதான் முறை.

மாவு பிசிறத் தெரியுமா?

க்ரம்பிள் என்பது வேறொன்றுமில்லை. அடியில் புளிப்புப் பழம். மேலே வெண்ணெய் விட்டுப் பிசிறிய மாவு. இரண்டும் சேர்ந்து ஓவனில் வேகும். பிள்ளைகளுக்கு இதைவிடச் சுலபமான பலகாரம் இல்லை. மாவை உருட்ட வேண்டாம், தேய்க்க வேண்டாம், வடிவம் கெட்டுப் போகுமே என்ற கவலையும் வேண்டாம். முட்டை கிடையாது என்பதால் நம்மவர்களுக்கும் ஆட்சேபம் இராது.

அரைக் கிலோ தண்டைக் கழுவி, ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கிக் கொள்ள வேண்டும். இளந்தண்டுக்குத் தோல் உரிக்க வேண்டாம். முற்றியிருந்தால் நார் உரிந்து வரும், இழுத்து எறிந்து விடலாம். அகலமான பீங்கான் தட்டில் துண்டுகளைப் பரப்பி, 100 கிராம் சர்க்கரை தூவி, ஒரு ஆரஞ்சுப் பழத்தோலைச் சீவிப் போட்டு, கொஞ்சம் இஞ்சியும் துருவிச் சேர்க்க வேண்டும். ருபார்ப்புக்கும் இஞ்சிக்கும் உள்ள சிநேகம் நம் எலுமிச்சை ரசத்துக்கும் இஞ்சிக்கும் உள்ளது போன்றது. அலுமினியப் பாத்திரம் கூடாது. ஈயம் பூசாத பித்தளையில் புளி கரைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியுமே, அந்தக் கதைதான். பீங்கான், கண்ணாடி, எவர்சில்வர் எல்லாம் சரி.

மேல் மாவுக்கு மைதா 150 கிராம், ஓட்ஸ் 50 கிராம், நாட்டுச் சர்க்கரையோ வெள்ளைச் சர்க்கரையோ 75 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, குளிர்ந்த வெண்ணெய் 100 கிராம். வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி மைதாவில் போட்டு விரல் நுனியால் பிசிற வேண்டும். புட்டுக்கு மாவு பிசிறுகிறோமே, அதே பக்குவம். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். உள்ளங்கையைப் போட்டுப் பிசைந்தால் சூட்டில் வெண்ணெய் உருகி மாவு களியாகிவிடும். ஆகவேதான் இந்த வேலைக்குக் குழந்தையின் விரல்களே சிறந்தவை என்கிறார்கள் அங்கே. பெரியவர்கள் மாதிரி அவசரப்பட்டு அமுக்க அவற்றுக்குப் பலம் கிடையாது! பிசிறிய பிறகு ஓட்ஸும் சர்க்கரையும் கலந்து, தண்டின்மேல் தூவ வேண்டும். அமுக்கக் கூடாது.

பையன் தூவினான். தட்டில் முக்கால், மேஜையில் கால். பாட்டி மேஜையில் விழுந்ததை வழித்து மறுபடியும் தட்டில் போட்டார். "சுத்தமான மேஜைதான்" என்று என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

ஓவன் 190 டிகிரி செல்ஸியஸுக்குச் சூடாகியிருக்க வேண்டும். விசிறி வைத்த ஓவனானால் 170 போதும். 35 முதல் 40 நிமிஷம். ஓவன் கதவைத் திறப்பதும், தட்டை வைப்பதும் எடுப்பதும் பாட்டியின் அதிகாரம். அதில் விவாதமே இல்லை. தரையில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டிருந்தது. கதவு திறக்கும்போது பிள்ளைகள் அந்தக் கோட்டுக்கு அப்பால் நிற்க வேண்டும். பெண்ணுக்குக் கடிகாரம் பார்க்கும் உத்தியோகம். மேலே பொன்னிறமாகி, ஓரங்களில் ரோஜா நிறச் சாறு குமிழியிட்டுப் பொங்கும்போது வெந்தது என்று அர்த்தம். அந்தச் சாறு எண்ணெய்ச் சூடு சுடும். பத்து நிமிஷம் ஆறவிட்டுத்தான் பரிமாற வேண்டும். அந்தப் பத்து நிமிஷம்தான் அன்றைக்கெல்லாம் மிக நீண்டது.

மேலே மஞ்சள் கஸ்டர்டு ஊற்றிச் சாப்பிட்டோம். முதலில் மொறுமொறுப்பு, பிறகு இனிப்பு, அதற்கும் அடியில் 'சுரீர்' என்று புளிப்பு. பேஷான பண்டம்!

பாட்டி மட்டும் இரண்டு கரண்டிக்கு மேல் போட்டுக் கொள்ளவில்லை. காரணம் கேட்டேன். "சின்ன வயதில் இதைத் தின்று அழுதிருக்கிறேன்" என்றார். இரண்டாவது உலக யுத்தம் முடிந்த பிறகும் பிரிட்டனில் ரேஷன் போகவில்லை. சர்க்கரைக்கு ரேஷன் நீங்கியது 1953 செப்டம்பரில்தான். ஆனால் ருபார்ப்போ கொல்லையில் கேட்பாரற்று வளர்ந்து கொண்டிருந்தது. சர்க்கரை இல்லாத ருபார்ப்பை நினைத்துப் பாருங்கள்! தினம் தினம் பள்ளிக்கூடச் சாப்பாட்டிலும் வீட்டுச் சாப்பாட்டிலும் அந்தப் புளித்த கூழை விழுங்கி வளர்ந்த தலைமுறைக்கு இதன் பெயரைக் கேட்டாலே முகம் சுருங்கும். அப்படிப்பட்டவர் ஏன் செடியைப் பிடுங்கி எறியவில்லை? "பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறதே" என்றார். வேறு விளக்கம் சொல்லவில்லை.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அறுவடை

அந்த வட்டாரத்துக்கே ருபார்ப்பால்தான் கீர்த்தி. வேக்ஃபீல்டு, மார்லி, ராத்வெல் என்ற மூன்று ஊர்களுக்கு நடுவே சுமார் 9 சதுர மைல் பரப்பை 'ருபார்ப் முக்கோணம்' என்கிறார்கள். ஒரு காலத்தில் இது 30 சதுர மைல் வரை பரந்திருந்தது. உலகத்தில் குளிர்காலத்தில் விளைந்த ருபார்ப்பில் 10இல் 9 பங்கு இங்கிருந்தே போயிற்றாம். லண்டன் சந்தைக்கென்றே தினமும் இரவு ஒரு ரயில் ஓடிற்று. 1960களில் அது நின்றது. 2010இல் ஐரோப்பிய யூனியன் இந்த யார்க்ஷயர் ருபார்ப்பின் பெயருக்குப் பாதுகாப்பு வழங்கியது. நம் மணப்பாறை முறுக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்த மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள்.

இவர்கள் செய்யும் வித்தை விசித்திரமானது. செடியை இரண்டு வருஷம் வயலில் ஒரு தண்டுகூடப் பறிக்காமல் வளர்க்கிறார்கள். கம்பளி ஆலைக் கழிவு நல்ல உரமாம். வேரில் சத்துச் சேர்ந்து, பனியும் அடித்த பிறகு, செடியை வேரோடு பெயர்த்து, ஜன்னல் இல்லாத நீண்ட கொட்டகைக்குள் கொண்டு போய் வைத்துச் சூடேற்றுகிறார்கள். வசந்தம் வந்துவிட்டது என்று செடி ஏமாந்து போகிறது. வெளிச்சமில்லாததால் இலை பச்சையாக விரியாது. சுருங்கி மஞ்சளாக நின்றுவிடும். வேரிலிருந்த சத்தெல்லாம் தண்டுக்கு ஏறுகிறது. ரோஜா நிறத்தில், மெல்லிசாக, புளிப்புக் குறைந்து வளர்கிறது. மொட்டு வெடித்துத் தண்டு கிளம்பும் சத்தத்தைக் காதால் கேட்கலாம். வெளிச்சம் பட்டால் நிறமும் பதமும் கெடும் என்று அறுவடையே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நடக்கிறது.

இதை யாரும் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. 1817ஐ ஒட்டி லண்டன் செல்ஸி மூலிகைத் தோட்டத்தில், தற்செயலாகச் செடியின்மேல் மண் குவிந்து மூடியிருக்கிறது. பிறகு மண்ணை விலக்கினால் உள்ளே வெளுத்த இளந்தண்டுகள்!

வீட்டிலும் இந்த வேடிக்கையைச் செய்யலாம். ஜனவரி முடிவில் செடியின்மேல் ஒரு பெரிய மண்பானையையோ வாளியையோ கவிழ்த்து வைத்தால் எட்டு வாரத்தில் உள்ளே இளந்தண்டு தயாராகும். பானையைத் தூக்கிப் பார்க்கும் பொறுப்பைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். வாரத்துக்கு ஒரு தடவைதான் என்று கண்டிப்பாகச் சொல்லி வைக்க வேண்டும். இப்படி ஏமாற்றிய செடிக்கு அப்புறம் இரண்டு வருஷமாவது ஓய்வு தர வேண்டும்.

இங்கிலாந்தில் குடியேறியுள்ள நம் பெண்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. கொல்லையில் நிற்கும் ருபார்ப்பை மாங்காய் ஸ்தானத்தில் வைத்துத் தொக்கு கிளறுகிறார்கள். நல்லெண்ணெய், கடுகு, வெந்தயப் பொடி, பெருங்காயம், கொஞ்சம் வெல்லம்! மாங்காயை விடச் சீக்கிரம் கரைந்து போகும் என்பதால் அடுப்பை விட்டு நகரக் கூடாது. பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பெட்டிக்கு மஃபினும் சுடலாம். பேக்கிங் பவுடர் கலந்த மாவு 250 கிராம், சர்க்கரை 125, ஒரு முட்டை, புளிக்காத தயிர் 150 மில்லி, எண்ணெய் 75 மில்லி. விரல் நகம் அளவுக்கு நறுக்கிய தண்டு 200 கிராமை ஒரு கரண்டி மாவில் புரட்டிச் சேர்த்தால் ஈரத்தை மாவு இழுத்துக் கொள்ளும். கலவையை அதிகம் அடித்துக் கலக்கக் கூடாது, அதே 190 டிகிரியில் 20லிருந்து 25 நிமிஷம், பன்னிரண்டு வரும். மிஞ்சிய தண்டை நறுக்கி, பனிப்பெட்டியின் உறைநிலை அறையில் போட்டு வைத்தால் மாதக் கணக்கில் இருக்கும்.

செடி வைக்கப் பிரியப்படுகிறவர்களுக்கு: குளிர் வேண்டும், வெயிலும் வேண்டும், தொழு உரம் தாராளமாக வேண்டும். விதையை விட வேர்க்கிழங்குத் துண்டு சிலாக்கியம். பூந்தண்டு கிளம்பினால் உடனே ஒடித்துவிட வேண்டும். ஜூன் முடிந்ததும் பறிப்பதை நிறுத்திவிட வேண்டும். அடுத்த வருஷத்துக்கான சத்தை இலைகள் வேருக்கு அனுப்புகிற காலம் அது. முதல் வருஷம் ஒரு தண்டும் பறிக்கக் கூடாது. இரண்டாவது வருஷம் ஏதோ இரண்டொன்று. பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய தண்டனை. கண்ணெதிரே சிவப்புத் தண்டு நிற்கும், கை வைக்க முடியாது!

ஐந்தாறு வருஷமான புதர் நெருக்கிக் கொள்ளும். அப்போது இலையுதிர்ந்த பின் தோண்டி, ஒவ்வொரு துண்டிலும் ஒரு மொட்டாவது இருக்கும்படி மண்வெட்டியால் பிளந்து வைக்க வேண்டும். அந்தப் பாட்டி வீட்டுச் செடி இந்தத் தடவை அதற்குத் தயாராக இருந்தது. நவம்பரில் பிளக்கும்போது ஒரு துண்டு தன் பள்ளிக்கூடச் சிநேகிதிக்கு என்று பேத்தி அப்போதே சொல்லி வைத்திருந்தாள். சாக்குத் துண்டில் சுற்றிக் கொடுக்க வேண்டுமாம். கூடவே ஒரு காகிதமும் தயாராக எழுதி வைத்திருந்தாள்: முதல் வருஷம் பறிக்காதே, இலைகளை எண்ணு.